பெரிய பீப்பிக்கு வந்த பாட்டு

இன்னாசிராஜ் பேண்டு செட்டில் யூபோனியம் வாசித்தார். ஊரில் யாரும் அந்தக் கருவிக்கு அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பெரிய பீப்பி என்பார்கள். கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எல்லாவற்றிலும் அவர் இருந்தார். ஆனால் ஒரு பாட்டைக்கூட அவர் வாசித்தார் என்று சொல்ல முடியாது. பாட்டை டிரம்பெட் வாசிக்கும். டிரம்பெட் மூச்சு வாங்கும்போது கிளாரினெட் வாசிக்கும். பெரிய பீப்பி அதற்குக் கீழே பம், பம் என்று போய்க்கொண்டிருக்கும். அது நின்றால் ஏதோ குறைகிறது என்று தெரியும். என்ன குறைகிறது என்று தெரியாது.

அதியமான்கோட்டைக்கு மேற்கே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது ஊர். வானதூதர் மிக்கேல் சம்மனசின் கோயிலைச் சுற்றி வீடுகள். கேழ்வரகு, நிலக்கடலை. மழை இல்லாவிட்டால் பெங்களூரில் கூலி வேலை.

இளவட்டமாக இருந்தபோது அவர் டிரம்பெட்டுக்குத்தான் போனார். ஒரு நாள் நுகத்தடியில் பூட்டும்போது மாடு தலையை உதறியது. அவர் முன்பற்கள் போய்விட்டன. டிரம்பெட்டின் சின்ன வாயை உதட்டில் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. பேண்டு மாஸ்டர் சவுரியப்பன் அவரைத் துரத்திவிடவில்லை. கோயில் சாமான் அறையில் வெள்ளைக்காரச் சாமியார் காலத்துப் பெரிய பீப்பி ஒன்று சும்மா கிடந்தது. அதன் வாய் அகலம்.

"இத ஊது. பல்லு இல்லாதவனுக்குத்தான் இது" என்றார் மாஸ்டர்.

அதோடு சரி. சிவப்புக் கோட்டும் மஞ்சள் நாடாவும் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நடந்தார். கல்யாணம் ஆனது. மனைவி இசபெல்லா கோவிலூர்ப் பக்கம். கொஞ்சம் அதிகம் பேசுவாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சு வருவது நின்றுபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

எண்பத்து நாலாம் வருஷத் திருவிழா முடிந்த மறுநாள் சோறு போட்டபடி இசபெல்லா கேட்டாள்.

"நேத்து தங்கம்மாக்கா பக்கத்துல நின்னுட்டிருந்தேன். 'அதோ எங்க வூட்டுக்காரரு ஊதறாரு பாரு'ன்னுது. கிளாரினெட்டு தனியா தெரியுதுங்க. நானும் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். நீங்க எப்ப ஊதுனீங்க?"

"முழுக்க ஊதுனேன்."

"முழுக்கவா?" அவள் சிரித்தாள். "கன்னம் உப்பறது தெரிஞ்சுது. சத்தம் ஒண்ணும் தெரியிலியே."

அதில் கேலி இல்லை. தெரியவில்லை, கேட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். கழுவும்போதுதான் கணக்குப் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ஊர்வலத்துக்குப் பின்னால் அவள் நடந்திருக்கிறாள். ஒன்றில்கூட அவரைக் கேட்டதில்லை.

ஒரு தடவை போதும் என்று நினைத்தார். கூட்டத்தில் நிற்கும்போது, பார்க்காமல், அது அவர்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரியான விஷயமும் இல்லை.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு இசபெல்லாவின் தம்பி சின்னப்பன் பெங்களூரிலிருந்து வந்தான். கண்டோன்மெண்டில் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பையன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழைய டேப் ரெக்கார்டரை இவனுக்குக் கொடுத்திருந்தான். அதோடு ஒரு கேசட். சின்னப்பன் பெட்டியை முற்றத்தில் வைத்து ஓட விட்டான்.

இசபெல்லா காதைப் பொத்திக்கொண்டாள். "டேய், நிறுத்துடா. தகரக் கூரை காத்துல பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்குது."

"இதுக்குப் பேரு ஹெவி மெட்டலாம் அக்கா."

"அப்படின்னா?"

"கனமான இரும்பு."

"அதான் இரும்புக் கடையில கேக்கற சத்தம் கேக்குது."

இன்னாசிராஜ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாட்டில் மேலே ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். அவன் என்ன சொல்கிறான் என்று சின்னப்பனுக்கும் தெரியாது. அது அவர் காதில் விழவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது கீழே போனதை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கனமான கிடார் மெதுவாக நடந்தது. அடியிலிருந்து கிளம்பும். அடி வைத்து அடி வைத்து ஏறும். மேலே போனதும் ஒரு சுரத்தில் தயங்கி நிற்கும், திரும்பிப் பார்ப்பதுபோல. பிறகு வந்த வழியே இறங்கிவிடும். மறுபடியும் ஏறும். கத்துகிறவன் வந்தான், போனான். அது போகவில்லை. அதுதான் பாட்டு.

அவர் வாழ்க்கையில் முதல் முறையாக, கீழே இருப்பதே பாட்டாக இருக்கிற பாட்டு.

"இன்னொருக்கா போடு மாப்ள."

"இருங்க மாமா. அடுத்ததும் இதே பாட்டுதான். வேற ஆளுங்க."

சின்னப்பன் விளக்கினான். முதலில் பாடியது ஒரு கூட்டம். பழைய பாட்டு, பெரிய பேர் எடுத்த பாட்டு. பிறகு அதையே மற்றக் கூட்டத்தார் தங்கள் பாணியில் பாடி வைத்திருக்கிறார்கள். கேசட் கொடுத்த பையனுக்கு இதுதான் பைத்தியம். ஒரே பாட்டை யார் யார் பாடியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிச் சேர்ப்பான். சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்து எது ஒசத்தி, எது மட்டம் என்று சண்டை போடுவார்கள்.

"வேலையத்த பசங்க. ஒருத்தன் பாடுனத இன்னொருத்தன் எதுக்குப் பாடணும்?" என்றாள் இசபெல்லா.

இன்னாசிராஜுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. பேண்டு செட்டுக்குச் சொந்தப் பாட்டு ஏது? சினிமாவில் யாரோ பாடியதை, ஞானப்பாட்டுப் புத்தகத்தில் யாரோ எழுதியதைத்தான் வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது வார்த்தை போய்விடும். வார்த்தை போன பிறகும் மிச்சம் இருப்பது நல்ல பாட்டு. அவருக்கு இதில் பழக்கம் உண்டு.

கேசட்டை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டாவது கூட்டம் அதை ஓட்டமாக ஓட்டியது. கிடார் மேலே பறந்தது. கீழே ஒன்றும் இல்லை.

"இது மோசம். சுவத்த இடிச்சுட்டுக் கூரைய மட்டும் தூக்கிக்கிட்டு ஓடறாங்க."

மூன்றாவதில் ஒரு பெண் பியானோவோடு தனியாகப் பாடினாள். மெதுவாக, தாலாட்டுப்போல. அவளுடைய ஒரு கை கீழே அந்த நடையை விடாமல் நடந்தது. அது அவருக்குப் பிடித்தது. கடைசியில் இருந்தது பெங்களூர்ப் பையன்கள் ஏதோ ஹாலில் வாசித்தது. சுருதி சேரவில்லை. பாடியவன் நடுவில் இருமினான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய், டிரம் மட்டும் தனியாக ஓடி, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கரண்ட் போகும்வரை கீழே ஒருவன் நகராமல் நின்றான்.

"இவனுங்கள எல்லாரும் சிரிப்பாங்க மாமா" என்றான் சின்னப்பன்.

"சிரிக்கட்டும். இதுதான் ரெண்டாவது. அந்தப் பொண்ணு முதல்ல."

"அப்ப ஒரிஜினலு?"

"அது போட்டியில இல்லடா. அதுதான தாய்."

சின்னப்பன் பெங்களூருக்குத் திரும்பும்போது பெட்டியையும் கேசட்டையும் அவருக்கே விட்டுவிட்டுப் போனான்.

பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. தவக்காலத்தில் ஊரில் பேண்டு கிடையாது. கருவிகளைத் துடைத்துச் சாமான் அறையில் பூட்டிவிடுவார்கள். ஈஸ்டர்வரை யாரும் ஒரு சத்தம் எழுப்பக் கூடாது. வீட்டில் கேசட் போடுவதையும் இசபெல்லா தடுத்துவிட்டாள். ஆகவே இன்னாசிராஜ் கருவி இல்லாமல் பழகினார். தண்ணீர் பாய்ச்சும்போது மூடிய உதட்டுக்குள் பம் என்றார். வரப்பில் நடக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அடி வைத்தார். விரல்கள் மண்வெட்டிப் பிடியில் அழுந்தி எழுந்தன. ஈஸ்டருக்குள் பாட்டு அவர் உடம்பில் இருந்தது.

அறை திறந்ததும் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினார். சவுரியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெரிய டிரம் அடிக்கும் மாது, "அண்ணே, இது நம்ம பீப்பியா?" என்றான். மாதுவுக்கு உடனே பிடித்துவிட்டது. மாஸ்டர் யோசித்தார். கல்யாண வீடுகளில் ஏதாவது இங்கிலீஷ் பாட்டு உண்டா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

"சரி, அதியமான்கோட்டை கல்யாணத்துல வெச்சுக்கலாம்."

இசபெல்லா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. வராதது நல்லதாகப் போயிற்று. பெண்ணை அழைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும் நேரம். மாஸ்டர் தலையசைத்தார். இன்னாசிராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். மாதுவின் டிரம் ஒவ்வோர் அடியாக விழுந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் பெண்ணின் தாய்மாமன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"யோவ் மாஸ்டர்! யாருய்யா செத்தது? பொண்ணு வாசல்ல நிக்குது, பொணம் தூக்கற அடி அடிக்கறீங்க!"

வாசலில் நின்ற பெண்ணின் தாயார் அழத் தொடங்கிவிட்டாள்.

மாஸ்டர் அனுபவசாலி. ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. அதே சுரங்களை டிரம்பெட்டில் மேலே தூக்கிக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டார். சைடு டிரம் குத்துக்கு மாறியது. தயங்கி நிற்கும் சுரத்தில் ஒரு குழைவு குழைந்தார். பையன்கள் விசில் அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் ரோட்டில் இறங்கி ஆடின. தாய்மாமனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். இன்னாசிராஜ் பம், பம் என்று கீழே போய்விட்டார்.

திரும்பி வரும்போது டெம்போவில் மாஸ்டர் அவர் தொடையில் தட்டினார். "என்னா இன்னாசி, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? உன் பாட்டு நல்லா ஓடிடுச்சே."

"ஓடத்தான் ஓடிடுச்சு மாஸ்டர்."

மாது மட்டும் சிரித்தான்.

அந்த வைகாசி முழுக்க அந்தப் பாட்டுதான். மொரப்பூரில் ஒரு கல்யாணத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பேரே தெரியாத பாட்டுக்கு 'அந்த பெங்களூர் பாட்டு' என்று பேர் வந்தது. பக்கத்து ஊர் பேண்டுக்காரர்கள் வந்து கேட்டு எடுத்துப் போனார்கள். ஒருநாள் கோயில் முற்றத்தில் ஒத்திகை நடந்தபோது இசபெல்லா தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

"சவுரியப்பண்ணன் புதுசா ஒண்ணு ஊதறாரே, நல்லாருக்குங்க. எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்குது."

"ம்" என்றார் இன்னாசிராஜ்.

எங்கே கேட்டது என்று சொல்லப் போனால், உன் தம்பி கொண்டுவந்த கேசட், நான் எடுத்த பாட்டு, அது இப்படி இருக்கக் கூடாது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது அவளுக்குப் புரியாது. அவர் மாட்டுக்குத் தீனி வைக்கப் போனார்.

சின்னப்பன் விடுமுறையில் வந்தபோது ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் அதைக் கேட்டான். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, இருக்கறதுலயே மோசம் இதுதான். கேசட்டு குடுத்த பையன் கேட்டான்னா அழுதுடுவான்."

"ஜனம் ஆடுதில்லடா."

"ஆடுது. அதுக்கு? நீங்க சொல்லுங்க, நல்லாருக்குதா?"

இன்னாசிராஜ், "கூரை மட்டும் இருக்குது" என்றார்.

செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசு திருவிழா. அந்த வருஷம் அதற்கு முந்தின ஒன்பது நாள் நவநாள் முழுக்க மழை. கடலைக்காய் பிடுங்காமல் நிலத்திலேயே கிடந்தது. சப்பரம் அன்று மதியம் மழை விட்டது, மேகம் விடவில்லை. பொழுது இருக்கும்போதே சப்பரத்தை எடுத்துவிடலாம் என்றார் சாமியார்.

அந்த ஊரில் சப்பரத்துக்குச் சக்கரம் இல்லை. தோளில்தான் தூக்க வேண்டும். கோயிலில் தூக்கினால் மேட்டில் சிலுவை நிற்கும் குருசடியில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் படக் கூடாது. தேக்குச் சட்டம், மேலே வாளும் தராசும் பிடித்த சம்மனசு, பூ, விளக்கு, பேட்டரி. ஒவ்வொரு வருஷமும் தூக்குபவர்கள் வலியைச் சொல்லிக்கொண்டே தூக்குவார்கள். முன்னால் பேண்டு, நடுவில் சப்பரம், பின்னால் பெண்கள் மெழுகுவர்த்தியோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டு. இசபெல்லா அங்கேதான் எங்கோ இருந்தாள்.

தெருவைச் சுற்றும்வரை ஒன்றும் இல்லை. மேட்டுப் பாதைக்குத் திரும்பியதும் செம்மண் சேறு. பையன்கள் கேட்டார்கள் என்று மாஸ்டர் பெங்களூர் பாட்டை எடுத்தார். முன்னால் தூக்கியவர்கள் அந்த வேகத்துக்கு நடந்தார்கள். பின்னால் தூக்கியவர்களுக்குக் கால் சேற்றை விட்டு வரவில்லை. சட்டம் இழுபட்டது. சப்பரம் ஒருபக்கம் சாய்ந்தது. சம்மனசின் வாளில் கட்டியிருந்த பூச்சரம் அறுந்து விழுந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"நிறுத்து! நிறுத்துங்கடா!"

பேண்டு நின்றது. சப்பரமும் நின்றது. இறக்க முடியாது. ஏறவும் முடியாது. தூக்கியவர்களின் கழுத்து நரம்பு புடைத்தது.

"எவன்டா பின்னால? தள்ளாதடா!"

"நான் எங்க தள்றேன், நீ இழுக்கறே!"

"மாஸ்டர், ஒரே மாதிரி ஏதாச்சும் ஊதுங்க மாஸ்டர். தோளு போவுது!"

சவுரியப்பன் ஒரு ஞானப்பாட்டை எடுத்தார். அது இழுபாட்டு. எங்கே அடி வைப்பது என்று அதில் தெரியவில்லை. சட்டம் மறுபடியும் ஆடியது.

இன்னாசிராஜ் யாரையும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. பெரிய பீப்பியைத் தூக்கி, அடியிலிருந்து முதல் சுரத்தை ஊதினார். வரப்பில் நடந்த அதே நடை. மாது அதற்குக் காத்திருந்தவன்போல டிரம்மைப் போட்டான். ஒரு சுரம், ஓர் அடி. தூக்கியவர்களில் யாரோ, "வை!" என்றான். எல்லோரும் கால் வைத்தார்கள். அடுத்த சுரம். "வை!" சப்பரம் நேரானது. சுரம் ஏறியது, அவர்களும் ஏறினார்கள். தயங்கி நிற்கும் இடத்தில் நின்று மூச்சு விட்டார்கள். இறங்கும் சுரங்களில் தோளை மாற்றிப் பிடித்தார்கள். மறுபடியும் ஏறினார்கள்.

மாஸ்டர் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். கிளாரினெட்டும் சும்மா இருந்தது. பெரிய பீப்பியும் பெரிய டிரம்மும் மட்டும் மேட்டில் போய்க்கொண்டிருந்தன. பின்னால் கலைந்து கிடந்த ஜெபமாலை மறுபடியும் தொடங்கியபோது, 'அருள் நிறைந்த மரியே' மந்திரமும் அந்த அடியிலேயே வந்து விழுந்தது.

குருசடியில் சப்பரத்தை இறக்கினார்கள். தூக்கியவர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டினார்கள். சாமியார் மாஸ்டரிடம் வந்தார்.

"அது என்ன பாட்டு சவுரியப்பன்?"

"பெங்களூர் பாட்டு சாமி."

"கோயில் பாட்டா?"

"ஊதி மேடேறுனா கோயில் பாட்டுதான் சாமி."

சாமியார் கொஞ்சம் சிரித்து, ஆசீர்வாதம் மந்திரிக்கப் போனார். மாஸ்டர் இன்னாசிராஜின் பக்கம் திரும்பி, "இத நீ மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். சொன்னேனே என்று இன்னாசிராஜ் சொல்லவில்லை. பீப்பியின் வாயைத் துடைத்தார். அவர் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தார். மெழுகுவர்த்திகள்தான் தெரிந்தன.

வீட்டுக்கு வந்து இசபெல்லா சோறு போட்டாள். புடவைக் கரையெல்லாம் சேறு என்றாள். தங்கம்மாக்கா வழுக்கி விழுந்ததை எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். சப்பரம் சாய்ந்தபோது தன் உயிர் போய்விட்டது என்றாள். அவர் ஒவ்வொரு கவளத்துக்கும் காத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. கேட்கலாம். கேட்டு வாங்கினால் அது வேறு. படுத்துக்கொண்டார்.

காலையில் மாட்டைக் கட்டிவிட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தார். சமையலறையில் களி கிண்டும் சத்தம். இசபெல்லா பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் மூடிய வாய்க்குள் ஒரு சுரம். அடியிலிருந்து ஏறியது. மேலே போனதும் நிற்கவில்லை. தயங்கும் சுரத்தை விட்டுவிட்டு நேராக இறங்கியது. களி இறுகும் நேரம், துடுப்பை நிறுத்தினால் கட்டி விழுந்துவிடும். மறுபடியும் ஏறியது.

அவர் வாசற்படியில் நின்றார். ஆவியில் அவளுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நேத்து நீங்க ஊதுனீங்களே, அது மண்டைய விட்டுப் போவ மாட்டேங்குது. விடிஞ்சதுல இருந்து இதே ரோதனை."

இன்னாசிராஜ் படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது? பின்னால இருந்தியே."

"அது என்னா கேள்வி? உங்க நடைதான அது. கொல்லையில இருந்து நீங்க வர்ற மாதிரியே இருந்துச்சு." துடுப்பை வழித்தாள். "தங்கம்மாக்காகிட்ட சொல்லத் திரும்புனேன். அதுக்குள்ள அது வழுக்கி விழுந்துடுச்சு."

"நடுவுல ஒரு சுரத்த வுட்டுடறே நீ."

"எனக்கு இப்படித்தான் வருது. தண்ணி எடுத்து வெய்யுங்க, களி ஆறிடும்."

அவர் தண்ணீர் எடுத்து வைத்தார். அவள் களியை உருட்டிக்கொண்டே மறுபடியும் முனகினாள். அவர் திருத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மாஸ்டரே அந்தப் பாட்டைக் கேட்டார், மெதுவானதை. இன்னாசிராஜ் ஊதினார். ஏறினார், நிற்காமல் இறங்கினார். மாதுவின் டிரம் ஓர் அடி தனியாக விழுந்தது.

"அண்ணே, நடுவுல ஒண்ணு கொறையுதே?"

"கொறையல. பாட்டு அப்படித்தான்" என்றார் இன்னாசிராஜ்.